விபத்துக் கணக்கில் நம்ம குமரி மாவட்டத்துப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள்?

நாஞ்சில்வாசி:

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷாவருஷம் போடும் விபத்து அறிக்கையில் வயது, ஆண், பெண் வாரியாக ஒரு பகுதி உண்டு. 2022க்கானதை எடுத்துப் படித்தேன். நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். செத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 86 பேர் ஆண்கள். 18 முதல் 45 வயதுக்குள் மட்டும் 66.5 சதவீதம். 18 நிறையாத பிள்ளைகள் 9,528 பேர், நாளொன்றுக்கு 26 என்று வருகிறது. விபத்து எண்ணிக்கையில் நம்ம தமிழ்நாடுதான் முதலிடம் (64,105). சாவில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884. மறுவருஷமே அது 18,347 ஆகிவிட்டது.

இந்த 86க்கு 14 கணக்கு குமரி மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்துமா? 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண்கள் இருந்த ஊர் இது. காலையில் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நின்று பார்த்தால் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்களை எண்ணி முடியாது. அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) ரோட்டோரம் நடந்து போகிறவர்கள் வேறு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலை:

86 பேர் ஆண்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது அண்ணாச்சி? ரோட்டில் வித்தை காட்டுவது யார்? அதே அறிக்கையில் பாருங்கள், நூற்றில் 71 சாவுக்கு அதிவேகம்தான் காரணம் என்று போட்டிருக்கும். சுங்கான்கடை தாண்டி ரோடு கொஞ்சம் நேராகக் கிடைத்தால் போதும், முறுக்கிவிடுவான். பெண்கள் நிதானமாகப் போகிறார்கள், அதனால் பிழைக்கிறார்கள். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

குளச்சல்_அக்கா:

> பெண்கள் நிதானமாகப் போகிறார்கள், அதனால் பிழைக்கிறார்கள்

வேளிமலைத் தம்பி, பெண்கள் ஓட்டிக்கொண்டு போகிறபோது சரி. பின்னால் உட்கார்ந்து போகிறபோது? சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஒரு பிள்ளை, இடது கையில் பை. பிடிப்பதற்கு மிஞ்சுவது ஒரு கைதான். முன்னால் இருப்பவர் பள்ளத்தைப் பார்க்கிறார், பிரேக் போடப் போகிறோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார். பின்னால் இருப்பவளுக்கு எதுவும் தெரியாது. எங்கள் தெருவில் ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டுத் தலையில் அடிபட்ட பெண்கள் உண்டு. ஓட்டியவருக்கு ஒரு கீறல் இருக்காது. இதெல்லாம் எந்தப் பட்டியலில் வரும்?

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

அக்கா கேட்டதற்குப் பாதி பதில் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. 2022இல் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். ஓட்டியவர்கள் 35,692, பின்னால் இருந்தவர்கள் 14,337. பதினாலாயிரம் சின்னக் கணக்கா?

பள்ளிவிடும் நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். அப்பா ஹெல்மெட்டோடு வருவார், போலீஸ் பிடிக்கும் என்பதற்காக. பெரியவள் பின்னால் ஏறுவாள், சின்னவன் பெட்ரோல் டேங்க் மேல். இரண்டு பேர் தலையிலும் ஒன்றும் கிடையாது. அம்மாவும் வந்திருந்தால் நாலு பேர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு நாலு வயதுக்கு மேற்பட்ட யாரானாலும் ஹெல்மெட் வேண்டும் என்பதுதான் சட்டம். நாலு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தனி விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது: குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டை, ஒன்பது மாதம் ஆன பிள்ளை என்றால் அளவான ஹெல்மெட், வண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வார்ப்பட்டையை இந்த மாவட்டத்தில் ஒரு வண்டியில்கூட நான் பார்க்கவில்லை. வாகனச் சோதனையில் நிறுத்தினாலும் முன்னால் இருப்பவர் தலையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார்கள்.

வேளிமலை:

டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் வாங்கி, வருஷம் ஒருமுறை அளவு மாற்றி, அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்க இடமில்லாமல்… நடக்கிற காரியமா? பஸ் ஒழுங்காக வந்தால் எவன் பிள்ளையை டேங்கில் உட்கார வைக்கப் போகிறான்?

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

பஸ் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்போன் கவர் மாற்றுகிற காசுக்குச் சற்று மேலேதான் பிள்ளைகளுக்கான ஹெல்மெட். வைக்க இடமில்லை என்றால் அப்பாவே கையோடு கொண்டு போகலாமே.

நைட்_டியூட்டி:

நான் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் பட்டியலில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

பைக்கின் பின் சக்கரத்தில் கால் சிக்கி வருகிற பிள்ளைகள். மூன்று முதல் எட்டு வயது வரைதான் பெரும்பாலும். பெரியவர்கள் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பிள்ளைகளுக்கு எட்டாது, கால் தொங்கிக்கொண்டே வரும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது குதிகால் உள்ளே போய் சக்கரக் கம்பிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். குதிகாலின் பின்பக்கத் தோல் ஒரு மூடி மாதிரி கழன்று தொங்கும், உள்ளே வெள்ளையாகத் தசைநார் தெரியும். பார்க்கும்போது சின்னக் காயமாகத் தோன்றும். மூன்றாவது நாள் அந்தத் தோல் கறுத்துவிடும், அப்புறம் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிவரும். மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போக முடியாது. இடது பக்கம் சேலை கார்டு இருப்பதால் அந்தக் கால் ஓரளவு தப்பும், வலது கால்தான் போகும்.

அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சிஸ்டர், ஆக்சிடென்ட் ஒண்ணும் இல்ல, கால் லேசா மாட்டிச்சு." போலீஸுக்குத் தகவல் போக வேண்டாம் என்று கெஞ்சுவார்கள்.

வயதானவர்கள் கதை வேறு. விடியற்காலையில் பால் வாங்கவோ கோயிலுக்கோ திருப்பலிக்கோ போகிறவர்கள். இருட்டு, மங்கின நிறத்துணி, காது மந்தம். வண்டி லேசாகத் தட்டினாலே இடுப்பு எலும்பு போய்விடும். உயிரோடு வீட்டுக்குப் போவார்கள், படுத்த படுக்கையாகவே கிடந்து இரண்டு மூன்று மாதத்தில் நிமோனியாவிலோ படுக்கைப் புண்ணிலோ போய்ச் சேருவார்கள்.

நோட்டீஸ்_குமாஸ்தா:

சிஸ்டர் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலை விபத்துச் சாவு என்று கணக்கில் வர விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து இறந்த பாட்டி புள்ளிவிவரத்தில் காயம்பட்டவர்தான். 60க்கு மேல் சாவு குறைவாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

நான் வக்கீல் ஆபீஸில் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கிறவன். அமைச்சகத்தின் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் அது விபத்து. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் போய், அங்கே வழக்குப் பதிவானால்தான் மேலே கணக்கு ஏறும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337, 304ஏ என்று இருந்த பிரிவுகள் 2024 ஜூலைக்குப் பிறகு அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125, 106 ஆகியிருக்கின்றன, வழி அதேதான்.

எதிர்வண்டி இருந்தால் எஃப்.ஐ.ஆர். வரும். எதிர்வண்டி இல்லாமல் தானாக விழுந்தால்? பின்னால் இருந்த மனைவிக்குக் கை முறிந்தது என்று வையுங்கள். வழக்குப் போட்டால் குற்றவாளி கணவர். எந்த மனைவி புகார் கொடுப்பாள்? "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போவாள். பிள்ளை டேங்கிலிருந்து விழுந்தாலும் இதே கதை. எதிரே வேற்று ஆள் வந்தால் ஆண்களும் எழுதப்படுகிறார்கள், பெண்களும் எழுதப்படுகிறார்கள். சொந்த வீட்டு வண்டியில் அடிபட்ட பெண்களும் பிள்ளைகளும்தான் மொத்தமாகக் காணாமல் போகிறார்கள். சாவை மறைக்க முடியாது, அதனால் அந்த 86-14 ஓரளவு உண்மைக்கு நெருக்கம். காயக் கணக்கில் ஆண், பெண், பிள்ளை என்று பிரித்து யாராவது காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

இன்ஷூரன்ஸிலும் இதே கதைதான். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். பின்னால் இருப்பவருக்கு அது விருப்பம்தான், ஏஜெண்ட் கேட்பதே இல்லை. அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் தானாக விழுந்த வண்டியில் பின்னால் இருந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்துப் போடும் பேக்கேஜ் பாலிசி என்றால் பின்சீட்டுக்காரருக்கும் உண்டு. பழைய வண்டிக்கு எவன் பேக்கேஜ் போடுகிறான்? வண்டி அவர் பெயரில், லைசென்ஸ் அவரிடம், காப்பீடு அவருக்கு. அடிபட்டது அவள்.

பழைய_ஸ்டியரிங்:

குமாஸ்தா அண்ணாச்சி வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். போய் பாலிசித் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் பல வருஷம் லாரி ஓட்டினவன், அதில் டாரஸ் என்கிற பல சக்கரக் கனரக லாரியும் அடக்கம். கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப்போகிற வண்டி என்றால் எல்லாருக்கும் என் மேல் கோபம் வரும், தெரியும். பள்ளி நேரத்தில் அந்த வண்டிகளை நிறுத்தச் சொல்லி மறியல் நடந்தபோதெல்லாம் நானும் கேபினில் உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், ஓட்டுபவன் பக்கத்திலிருந்து. கேபின் உயரத்தில் உட்கார்ந்தால் பம்பருக்கு நேர் கீழே நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையின் தலை கண்ணுக்குத் தெரியாது. இடது முன்சக்கரத்தை ஒட்டி வருகிற ஸ்கூட்டியும் கண்ணாடியில் அகப்படாது. பெரியவர் ஒருவர் வண்டி முன்னால் குறுக்கே போனால் மண்டையாவது தெரியும். பிள்ளை போனால் ஒன்றுமே தெரியாது. கிளீனர் இருந்த காலத்தில் இடது பக்கம் அவன் பார்த்துச் சொல்வான். இப்போது செலவு மிச்சம் என்று பல வண்டியில் ஆளே இல்லை.

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை அந்த ரோட்டின் அகலத்தைப் பாருங்கள். கடை, வீடு, பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் ரோட்டைத் தொட்டுக்கொண்டு. நான்குவழிச் சாலை வேலை எத்தனை வருஷமாக இழுக்கிறது! அதுவரைக்கும் பத்துச் சக்கர வண்டியும் பாட்டியும் ஒரே தார் விளிம்பில்தான் போக வேண்டும்.

குழித்துறை_ஆற்றோரம்:

எல்லாம் பேசுகிறீர்கள், பதினாறு வயசுப் பையன்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. டியூஷனுக்குப் போக என்று அப்பன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி பைக் வாங்கிக் கொடுக்கிறான். ஒரு வண்டியில் மூன்று பேர். அந்த 9,528இல் எத்தனை பேர் ஓட்டிக்கொண்டு போய்ச் செத்தவர்கள், எத்தனை பேர் பின்னால் இருந்தவர்கள், எத்தனை பேர் ரோட்டைக் கடந்தவர்கள்? எல்லாரையும் "பிள்ளைகள்" என்று ஒரே கட்டத்தில் போட்டால் அஞ்சு வயசுக் குழந்தையும் பதினேழு வயசு மீசைக்காரனும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நோட்டீஸ்_குமாஸ்தா:

சரியான கேள்வி மக்கா. 18க்குக் கீழ் என்பதை ஒரே கட்டமாக வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அஞ்சு வயதுக்குத் தேவை ஃபுட்பாத், பதினேழு வயதுக்குத் தேவை சாவியைப் பிடுங்குகிற அப்பா.

சட்டம் சொல்லட்டுமா? மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு. 18 ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் குற்றம் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் தலையில் விழும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

பாதி அப்பாக்கள் அரபு நாட்டில். அம்மா பெயரில் வண்டி. பையன் இடித்துவிட்டு வந்தால் கோர்ட் படி ஏறுவது அம்மாதான். அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

வேளிமலை:

அம்மா பெயரில் வாங்கச் சொன்னது யார்? அவளும் சேர்ந்துதானே செல்லம் கொடுத்தாள்?

குளச்சல்_அக்கா:

தம்பி, நாலு நாள் உண்ணாவிரதம் இருந்து வண்டி வாங்குகிற பையனை நீங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நாஞ்சில்வாசி:

இழை நல்ல திசையில் போகிறது. குமாஸ்தா அண்ணாச்சி, இழப்பீட்டில் வயதும் ஆண் பெண்ணும் எப்படி வருகிறது? அதையும் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ்_குமாஸ்தா:

வயதுக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கிறது. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. இறந்தவருக்கு 15 முதல் 25 வயது என்றால் ஆண்டு வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து 18ஆல் பெருக்குவார்கள். 26-30க்கு 17, 31-35க்கு 16, இப்படியே இறங்கி 65ஐத் தாண்டினால் 5. வருமானம் இருக்கிறவனுக்குக் கணக்கு எளிது.

பிள்ளைக்கு என்ன வருமானம்? 2013இல் கிஷன் கோபால் வழக்கில் பத்து வயதுப் பையனுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று ஒரு கற்பனை வருமானம் வைத்து மொத்தம் 5 லட்சம் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் இன்றும் பல இடத்தில் வாதம் நடக்கிறது.

வீட்டுவேலை பார்க்கிற பெண்ணுக்குத்தான் சண்டை அதிகம். "இறந்தவருக்கு வருமானம் இல்லை" என்று கம்பெனி தரப்பு பதில்மனுவில் ஒரே வரியில் முடிப்பார்கள். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் நீதிபதி ரமணா தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். 2011 கணக்கெடுப்பில் வீட்டுவேலைதான் முக்கியத் தொழில் என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் 58 லட்சம்கூட இல்லை என்று எடுத்துக்காட்டி, அந்த உழைப்புக்கும் மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்றார். அதன்பிறகு எங்களுக்குக் கொஞ்சம் வசதி.

அண்டி ஆபீஸ் பெண்கள் விஷயத்தில் இன்னொரு தொல்லை. கூலி வாரக்கூலி, எடைக்கு ஏற்ப. நிர்வாகத்திடம் சம்பளச் சான்றிதழ் வாங்குவதற்குள் வாரிசுக்காரர்களின் செருப்பு தேய்ந்துவிடும். பி.எஃப். சீட்டு இருந்தால் பிழைத்தோம்.

நைட்_டியூட்டி:

பணம் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்தான். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. ரோட்டில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைப் போலீஸ் தொல்லை பண்ணக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு இருக்கிறது. அடிபட்ட பெண்ணைத் தொட்டுத் தூக்கத் தயங்கி 108 வரட்டும் என்று நிற்கிற ஆட்களை இன்னும் பார்க்கிறோம். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது துண்டை வைத்து அழுத்திப் பிடிப்பதற்கு ஆண் பெண் என்ன?

குழித்துறை_ஆற்றோரம்:

நல்லது சிஸ்டர். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. பட்டியலைக் கிளறி என்ன ஆகப் போகிறது? ரோட்டைப் போடச் சொல்லுங்கள், லாரியை நிறுத்தச் சொல்லுங்கள். வயதுக் கணக்கு வந்தால் பள்ளம் மூடிவிடுமா?

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

மூடாது. ஆனால் எந்தப் பள்ளத்தை முதலில் மூடுவது என்று யாரோ ஒருவர் முடிவு பண்ணுகிறாரே, அவர் மேஜையில் இருப்பது சாவுக் கணக்கு மட்டும்தான். சாவு அதிகம் விழும் ஹைவேயில் எச்சரிக்கைப் பலகையும் பேரிகார்டும் வரும். எங்கள் பள்ளிக்கு முன்னால் போகிற ஊராட்சி ரோட்டில் யாரும் சாகவில்லை, அதனால் நடைபாதை கேட்டு மனுக் கொடுத்தால் "அங்கே விபத்தே இல்லையே டீச்சர்" என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். என் வகுப்பிலேயே கட்டோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாஞ்சில்வாசி:

அப்படியானால் கேட்டு வாங்கிவிடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப். வரைவு இது, திருத்துங்கள்:

கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டத்தில் பதிவான சாலை விபத்துகளில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் எத்தனை பேர். அவர்களின் வயது, பால். ஓட்டியவரா, பின்னால் இருந்தவரா, பாதசாரியா.

நோட்டீஸ்_குமாஸ்தா:

இப்படிக் கேட்டால் "தொகுத்துத் தர இயலாது" என்று ஒரு வரிப் பதில் வரும். கையில் இருக்கும் வடிவத்தில் உள்ளதைத் தந்தால் போதும் என்று எழுதுங்கள். விபத்து விவரம் எல்லாம் இப்போது ஐராட் (iRAD) என்ற மத்திய அரசின் விபத்துத் தரவுச் செயலியில் ஏற்றுகிறார்கள், அதில் ஆளின் வயதும் பாலும், ஓட்டியவரா பயணியா பாதசாரியா என்பதும் தனித்தனியாக இருக்கிறது. அந்தப் பெயரையே குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆட்களின் பெயர், முகவரி வேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள், தனிநபர் விவரம் என்று சாக்குச் சொல்ல இடம் இருக்காது.

18க்குக் கீழ் என்று ஒரே கட்டமாகக் கேட்காமல் 0-4, 5-9, 10-14, 15-17 என்று பிரித்துக் கேளுங்கள். கொடுங்காயம் தனி, சாதாரணக் காயம் தனி.

நைட்_டியூட்டி:

போலீஸை மட்டும் நம்பாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் சாலை விபத்து என்று உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை வயது, பால் வாரியாகத் தனி மனுவாகக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஒன்று, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்று. எஃப்.ஐ.ஆர். ஆகாமல் போனவர்கள் அங்கே மாட்டுவார்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் குமாஸ்தா சொன்ன ஆட்கள்.

பழைய_ஸ்டியரிங்:

ஸ்டேஷன் வாரியாகக் கேளுங்கள் தம்பி. மாவட்ட மொத்தம் தந்தால் எல்லாவற்றையும் ஹைவே தின்றுவிடும். அருமனை, கடையாலுமூடு, குலசேகரம் பக்கம் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மலைரோட்டில் விழுவது தனியாகத் தெரிய வேண்டும். முட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரை ரோட்டில் மீன்கூடையோடு நடக்கிற பெண்களும்.

நாஞ்சில்வாசி:

எல்லாம் சேர்த்துக்கொண்டேன். நாலு மனுவாக வருகிறது. மருத்துவக் கல்லூரி மனுவை நான் போடுகிறேன். தக்கலைக்கு யாராவது?

வேளிமலை:

தக்கலை என்னுடையது. ஸ்டாம்ப் வடசேரியில் வாங்கிக்கொள்கிறேன். குழித்துறைக்கு ஆற்றோரத்து அண்ணாச்சி இருக்கிறாரே, பள்ளம் மூடாது என்று சொன்னவர்.

குழித்துறை_ஆற்றோரம்:

சரி, சரி. மனுவின் நகலை இங்கே போடுங்கள், திங்கள்கிழமை கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.